இறைப்பு இயந்திரமும் மின்னழுத்தமும்
சூரிய மின்சாரம் பெருகும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கமக்காரர் அறியவேண்டியவை

முன்னுரை

மழை மாதங்களில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று கூறத்தக்கது ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே தங்கியிருக்கும் மழைநீரே இந்நாட்டுத் தோட்டங்களுக்கு ஆதாரம். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, உருளைக்கிழங்கு முதலிய பயிர்கள் யாவும் கிணற்று நீராலேயே விளைகின்றன. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலம் போய், சூத்திரம் வந்து, மண்ணெண்ணெய் இயந்திரம் வந்து, அதன் பின்னர் மின் மோட்டர் வந்தது. ஆகவே மின்சாரத்தின் தரம் இங்கு விளக்கெரிப்பதைப் பொறுத்த விடயம் மாத்திரமன்று. பயிரின் உயிரையும் பொறுத்ததாகும்.

போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து நெடுநாள் பிரிந்து, சுன்னாகத்து எண்ணெய் இயந்திரங்களையே நம்பியிருந்த குடாநாடு, 2013ஆம் ஆண்டில் 132 கிலோவோல்ற்று மின்வழி மூலம் அவ்வலையமைப்போடு மீண்டும் இணைக்கப்பட்டது. எண்ணெய் மின்சாரத்தின் விலை பணத்தால் மட்டும் அளக்கத்தக்கதன்று. சுன்னாகத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டளவில் பளைப் பகுதியிற் காற்றாடிகள் நிறுவப்பட்டன. 2016ஆம் ஆண்டிற் சூரியபல சங்கிராமய எனும் அரச திட்டம் தொடங்கியபின், வீட்டுக் கூரைகளிலும் கடைக் கூரைகளிலும் சூரிய மின்தகடுகள் பெருகலாயின.

இவை நல்ல மாற்றங்களே. எனினும் முன்னர் ஓரிடத்திற் பிறந்து ஒரு திசையிற் சென்ற மின்சாரம் இப்பொழுது ஊர்தோறும் பிறந்து இரு திசையிலும் செல்கின்றது. இதனால் மின்னழுத்தத்தைச் சீராக வைத்தல் கடினமாகியுள்ளது. காலையில் மோட்டர் இழுக்கவில்லை என்பதும், நண்பகலிற் சூரிய மின்கருவி தானே நின்றுவிடுகின்றது என்பதும் வெவ்வேறு குறைகள் போலத் தோன்றினும் இரண்டும் ஒரே கம்பியிற் பிறந்தவை. அதனை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

மின்னழுத்தம் என்பது யாது?

வாய்க்காலில் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகின்றது. மேட்டின் உயரம் எவ்வாறு நீரைத் தள்ளுகின்றதோ அவ்வாறே மின்னழுத்தம் மின்னோட்டத்தைத் தள்ளுகின்றது. இதனை வோல்ற்று என்னும் அலகாலும், ஓடும் மின்னோட்டத்தை அம்பியர் என்னும் அலகாலும் அளப்பர்.

இலங்கையில் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் வழங்கப்படும் ஓரவத்தை மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ற்று என விதிக்கப்பட்டுள்ளது. அஃது 6 சதவீதம் கூடலாம். 6 சதவீதம் குறையலாம். அதாவது 216 வோல்ற்றுக்குக் குறையாமலும் 244 வோல்ற்றுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரு வரம்புகளுக்கும் இடைப்பட்ட அகலம் 28 வோல்ற்று மாத்திரமே. இவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

பழைய குறை: கம்பியின் கடையில் வீழ்ச்சி

நீண்ட வாய்க்காலின் தலைப்பிலுள்ள தோட்டக்காரர் நீரைத் திருப்பினால் கடைவாய்க்காலில் நீர் குறையும். மின்கம்பியும் அத்தகையதே. ரான்ஸ்போமர் என ஊரில் வழங்கும் மின்மாற்றியிலிருந்து கம்பி நீள நீள, அதில் ஓடும் மின்னோட்டம் பெருகப் பெருக, கடையில் அழுத்தம் வீழும்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்ளலாம். மின்மாற்றியடியில் அழுத்தம் 236 வோல்ற்று. அங்கிருந்து 600 மீற்றர் தூரத்தில் மூன்று தோட்டங்கள் உள்ளன. கம்பியின் தடை கிலோமீற்றருக்கு 0.45 ஓம் எனின், போகும் கம்பியும் மீளும் கம்பியும் சேர்ந்து 0.54 ஓம் தடையாகும். ஒவ்வொரு மோட்டரும் 10 அம்பியர் எடுக்குமாயின் ஒரு மோட்டரால் ஏறத்தாழ 5 வோல்ற்று வீழும். மூன்றும் ஒரே அவத்தையில் ஒரே வேளையில் ஓடினால் 16 வோல்ற்று வீழ்ந்து, தோட்டத்தில் 220 வோல்ற்றே கிடைக்கும். மோட்டரைத் தொடக்கும் கணத்தில் அது வழமையிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கக் கூடுமாதலின், நான்காம் மோட்டர் தொடங்கும்போது அழுத்தம் கணப்பொழுது மேலும் பெரிதாக வீழ்தலும் உண்டு.

அழுத்தம் குறைந்தால் மோட்டருக்கு நேரும் கேடு சிறிதன்று. மோட்டரைச் சுழற்றும் விசை அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ற்று 184 வோல்ற்றாக வீழின், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறையின், சுழற்றும் விசை 64 சதவீதமாகிவிடும். சுமையை இழுக்க மாட்டாத மோட்டர் அதிக மின்னோட்டத்தை எடுத்துச் சூடாகும், சுருள் எரியும். வெங்காயம் கிழங்கு பருக்கும் நாட்களில் மோட்டர் எரிந்தால், சுருள் சுற்றும் செலவினும் பயிருக்கு நேரும் நட்டமே பெரிதாகும்.

புதிய குறை: நண்பகலில் ஏற்றம்

இனி அதே கம்பியின் கடையில் இரண்டு வீடுகளில் 5 கிலோவாற்றுச் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன எனக் கொள்க. நண்பகலில் வீட்டில் மின்சாரச் செலவு குறைவு. தகடுகளிற் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே மின்மாற்றியை நோக்கித் திரும்பி ஓடுகின்றது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 43 அம்பியர். கடைவாய்க்காலில் ஒருவர் நீரை ஊற்றித் தலைப்பை நோக்கித் தள்ளவேண்டுமாயின் கடையில் நீர்மட்டம் உயர்ந்தே தீரவேண்டும் அன்றோ? அவ்வாறே அழுத்தமும் 23 வோல்ற்று உயர்ந்து, 236 வோல்ற்று 259 வோல்ற்றாகின்றது. இது விதித்த வரம்பைக் கடந்ததாகும்.

தகடுகளின் மின்சாரத்தை ஊர் மின்சாரத்தோடு இணைக்கும் இன்வேட்டர் என்னும் கருவி, அழுத்தம் வரம்பு கடந்ததும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். சில நிமிடம் கழித்து மீண்டும் தொடங்கும், மீண்டும் நிற்கும். வெயில் நன்றாக எறிக்கும் வேளையிலேயே இவ்வாறு நிற்பதால் உரிமையாளருக்கு வருமானம் குறையும். கம்பியின் கடையில் உள்ளவரின் கருவியே முதலில் நிற்கும். மின்மாற்றிக்கு அண்மையில் உள்ளவர் குறையின்றி விற்க, கடையில் உள்ளவர் கடன் தவணையை மாத்திரம் கட்டும் நிலை உண்டாகலாம். அயலிற் சூரிய மின்தகடு இல்லாத வீடுகளிலும் மின்குமிழ்கள், குளிர்சாதனப் பெட்டி முதலியன மிகை அழுத்தத்தால் விரைவிற் பழுதடையும்.

இதனோடு வேறொரு விடயத்தைக் கலந்து குழம்புதல் ஆகாது. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களிற் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்தகடுகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. அது நாடு முழுவதிலும் பிறக்கும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் ஒத்திருக்கவேண்டும் என்பது பற்றியது. ஓர் ஊரின் ஒரு கம்பியில் அழுத்தம் உயர்தல் வேறு. நாட்டின் கணக்கு ஒத்திருக்கும் நாளிலும் ஊர்க் கம்பியில் அழுத்தம் வரம்பு கடக்கலாம்.

மின்மாற்றியை மாற்றினாற் போதாதா?

மின்மாற்றியின் சுருளிற் படிகள் சில அமைந்துள்ளன. படியை மாற்றினால் அழுத்தம் ஏறத்தாழ 2½ சதவீதம் கூடும் அல்லது குறையும். சுன்னாகம் போன்ற பெரிய உபநிலையங்களில் இப்படிகள் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாமாக மாறும். ஆனால் ஊர்மனையிற் கம்பத்தில் உள்ள சாதாரண மின்மாற்றியிலோ மின்சாரத்தை நிறுத்தி, ஊழியர் வந்து, கையால் மாற்றவேண்டும். காலைக்கு ஒரு படி, நண்பகலுக்கு ஒரு படி என மாற்றுதல் நடவாத காரியம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒரு படி குறைத்தால் மின்மாற்றியடியில் 230 வோல்ற்று இருக்கும். அப்பொழுது காலையிற் கடைத் தோட்டத்தில் 214; நண்பகலில் 253. இரண்டுமே வரம்புக்குப் புறம்பானவை. ஒரு படி கூட்டினால் 242 வோல்ற்று. காலையில் 226 கிடைக்கும். மோட்டர் நன்றாக ஓடும். நண்பகலிலோ 265 ஆகிவிடும்.

காரணம் யாதெனில், காலையில் 16 வோல்ற்று வீழ்ச்சியும் நண்பகலில் 23 வோல்ற்று ஏற்றமும் சேர்ந்து அசைவின் அகலம் 39 வோல்ற்று. வரம்பின் அகலமோ 28 வோல்ற்று. நீளமான கட்டிலைச் சிறிய அறையில் எப்பக்கம் தள்ளிவைத்தாலும் அடங்காது. ஆகவே அழுத்தத்தை மேலே தூக்குவதோ கீழே இறக்குவதோ பரிகாரமன்று. அசைவைக் குறைப்பதே பரிகாரம்.

அசைவைக் குறைக்கும் வழிகள்

1. அவத்தைகளைச் சமப்படுத்தல். ஊரிற் பேஸ் என வழங்கும் அவத்தைக் கம்பிகள் மூன்று. அவற்றில் ஒன்றிலேயே மோட்டர்கள் யாவும் தொங்குமாயின் வீழ்ச்சி பெரிது. மூன்று மோட்டர்களையும் மூன்று அவத்தைகளுக்குப் பங்கிட்டால், மீளும் நொதுமல் கம்பியில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாமற் போகும். ஒவ்வோர் அவத்தையிலும் 10 அம்பியரே ஓடும். 16 வோல்ற்று வீழ்ச்சி 3 வோல்ற்றுக்குள் வந்துவிடும். அதாவது ஆறில் ஒரு பங்காகும். சூரிய மின்சாரத்துக்கும் இதுவே விதி. 10 கிலோவாற்று மூன்று அவத்தைகளிலும் சமமாகச் சென்றால் ஏற்றம் 23 வோல்ற்றன்று, 4 வோல்ற்றே. செலவு குறைந்ததும் பயன் மிக்கதும் இவ்வழியே. ஆயினும் இதனைச் செய்தல் மின்வழங்கல் அலுவலகத்தின் பணியாகும். கமக்காரர் தாமே கம்பத்திற் கம்பியை மாற்றுதல் சட்டவிரோதமானது, உயிருக்கும் ஆபத்தானது.

2. தடித்த கம்பியும் புதிய மின்மாற்றியும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும். மின்மாற்றியைத் தோட்டங்களுக்கு அண்மையில் நிறுவினால் கம்பியின் நீளம் குறையும். இவை உறுதியான பரிகாரங்களே. ஆயினும் செலவு மிக்கவையாதலின் காலம் எடுக்கும்.

3. இன்வேட்டரின் உதவி. புதுவகை இன்வேட்டர்கள் அழுத்தம் உயரும்போது, வேலை செய்யாது கம்பியிற் சென்று மீளும் எதிர்வினை மின்வலுவை எடுத்து அழுத்தத்தைச் சிறிது தாழ்த்த வல்லவை. அதுவும் போதாதவிடத்து, முற்றாக நிற்காமல் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கவும் வல்லவை. ஜேர்மனியில் 2012ஆம் ஆண்டு முதல் புதிய சிறு சூரிய நிலையங்களும் இத்தகைய உதவியைச் செய்யவேண்டும் என விதிக்கப்பட்டது. ஹவாய்த் தீவுகளிற் கூரைத் தகடுகள் மிகப் பெருகியதால் 2013ஆம் ஆண்டிற் புதிய இணைப்புகள் தடைப்பட்டன. பின்னர் இத்தகைய கருவிகளைக் கட்டாயமாக்கியே வழி திறக்கப்பட்டது. எனினும் ஊர்க் கம்பிகளிற் தடையே மேலோங்கியிருப்பதால் எதிர்வினை மின்வலுவின் பயன் ஓரளவினதே. இன்வேட்டரின் வரம்புகளை அனுமதியின்றி உயர்த்திவைத்தல் கூடாது. தம் வருமானத்தைக் காக்க அயலவரின் பொருள்களைக் கெடுப்பதாக அது முடியும்.

4. மின்கலவடுக்கு. நண்பகல் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் எடுத்தால் ஏற்றமும் குறையும், வீழ்ச்சியும் குறையும். எழுவைதீவிற் சூரிய மின்தகடு, காற்றாடி, எண்ணெய் இயந்திரம், மின்கலவடுக்கு ஆகிய நான்கும் சேர்ந்த சிறு மின்வலை அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையில் 2024ஆம் ஆண்டு ஒப்பந்தமான திட்டத்தில் 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரத்துக்கும் 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரத்துக்கும் துணையாக 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலவடுக்கு வகுக்கப்பட்டது. தனித்த தீவில் மிகை மின்சாரம் ஓடிப்போக வேறிடம் இல்லையாதலின் சேமிப்பு இன்றியமையாததாகும்.

5. இறைப்பு வேளையை மாற்றல். கமக்காரரின் கையில் உள்ள வழி இதுவேயாம். மேற்கண்ட மூன்று மோட்டர்களும் காலையில் ஓடாது நண்பகலில் அதே அவத்தையில் ஓடுமாயின், 259 வோல்ற்று 243 வோல்ற்றாகத் தாழ்ந்து வரம்புக்குள் அடங்கும். காலை வீழ்ச்சியும் நீங்கும். கம்பியை மாற்றாமலே இரு குறைகளும் தீர்கின்றன. அயலிற் பிறக்கும் மின்சாரம் அயலிலேயே செலவாகின்றது.

நண்பகல் இறைப்பைப் பற்றி

உச்சி வெயிலில் நீர் பாய்ச்சினால் ஆவியாதல் மிகும். தூவல் நீர்ப்பாசனத்திற் காற்றாலும் நீர் வீணாகும். ஆதலின் நண்பகலில் இறைத்துத் தொட்டியிற் சேர்த்து, மாலையிற் பாய்ச்சுதல் சிறந்தது. சொட்டு நீர்ப்பாசனம் அமைத்தவர் நண்பகலிலும் நேரே பாய்ச்சலாம். வாய்க்காலாற் பாத்திகளுக்குப் பாய்ச்சுவோர் காலை 9 மணிக்குப் பின்னும் பிற்பகல் 2 மணிக்குப் பின்னும் தொடங்கலாம்.

தொட்டி முழுப் பரிகாரம் அன்று என்பதையும் அறிதல் வேண்டும். ஓர் அலகு மின்சாரம் சாதாரண இறைப்பு இயந்திரத்தைக் கொண்டு ஏறத்தாழ 15,000 லீற்றர் நீரை 10 மீற்றர் உயர்த்தும். 10,000 லீற்றர்த் தொட்டியை நிரப்ப ஓர் அலகிலும் குறைவாகவே செலவாகும். 5 கிலோவாற்றுத் தகடு நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் 4 அலகு வரை தரும். ஆகவே ஒரு தோட்டம் மாத்திரம் மாறினாற் பயன் சிறிது. பல தோட்டங்கள் கூடி மாறினாலே பயன் தெரியும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைக்கும் வழக்கம் குடாநாட்டாருக்குப் புதியதன்று. அம்முறையையே ஒரு மின்மாற்றியின் கீழுள்ள தோட்டங்களுக்கும் வகுத்துக்கொண்டால், காலையில் யாவரும் ஒருங்கே மோட்டரைத் தொடக்கி ஒருவர்க்கும் இழுக்காமற் போகும் நிலை நீங்கும்.

கிணற்றைப் பற்றிய எச்சரிக்கை

குடாநாட்டின் நன்னீர் கடலின் உவர்நீர்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட பொதுவிதி. அவ்வாறாயின் நீர்மட்டம் ஓரடி நிரந்தரமாகத் தாழ்ந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறக்கூடும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்பதை யாவரும் அறிவர்.

சூரிய மின்சாரம் செலவின்றிக் கிடைக்கின்றது என்று கருதி, பெரிய மோட்டரை நாள் முழுதும் ஓட்டினால், மின்கம்பியின் குறை தீருமுன் கிணறு உவராகிவிடும். உவரான கிணற்றை மீட்பது எளிதன்று. ஆதலின் வேளையை மாற்றலாமேயன்றி இறைக்கும் அளவைக் கூட்டலாகாது. சிறிய மோட்டரை நெடுநேரம் மெதுவாக ஓட்டுதல் கிணற்றுக்கும் நன்று, கம்பிக்கும் நன்று.

கமக்காரர் செய்யத்தக்க சோதனை

முறையிடுமுன் மூன்று நாட்களுக்கு மின்னழுத்தத்தை அளந்து எழுதிவைத்தல் மிகவும் பயன்தரும். தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு மின்பலகையில் ஒரு வோல்ற்றுமானியைப் பொருத்திக்கொள்ளலாம். காலை 6 மணி, நண்பகல் 12 மணி, மாலை 6 மணி, இரவு 9 மணி ஆகிய வேளைகளில், மோட்டர் ஓடும்போதும் நிற்கும்போதும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

காலையும் மாலையும் மாத்திரம் குறைவாயின்: கம்பி நீளம் அல்லது அவத்தைகள் சமமின்மை.

நண்பகலில் மாத்திரம் மிகையாயின்: சூரிய மின்சாரம் திரும்பி ஓடுதல்.

எவ்வேளையும் மிகையாகவோ குறைவாகவோ இருப்பின்: மின்மாற்றியின் படி பொருத்தமின்மை.

தம் மோட்டர் ஓடும்போது மாத்திரம் மிகவும் வீழ்ந்தால்: சொந்த இணைப்புக் கம்பி மெலிவு அல்லது பொருத்து தளர்வு.

ஓர் அவத்தையில் திடீரென மிகக் கூடி, மற்றொன்றில் மிகக் குறைந்தால்: நொதுமல் கம்பி அறுந்திருக்கக்கூடும். இஃது ஆபத்தானது. முதன்மை ஆளியை உடனே நிறுத்தி மின்வழங்கல் அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

வீட்டுக்கு வீடு ஸ்ரபிலைசர் வாங்கிவைத்தல் பொதுப் பரிகாரமாகாது. குறைந்த அழுத்தத்தை அது உயர்த்தும்போது கம்பியிலிருந்து மேலும் மின்னோட்டத்தை இழுப்பதால் அயலவரின் அழுத்தம் இன்னும் வீழும். மோட்டருக்குப் பொருத்தமான மின்கொள்ளளவியைத் தகுதியுடையோரைக் கொண்டு இணைத்தால், வீணாகச் செல்லும் மின்னோட்டம் ஏறத்தாழக் கால்வாசி வரை குறையலாம். அழுத்த வீழ்ச்சியும் ஓரளவு குறையும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மின்னழுத்தம் 216 முதல் 244 வோல்ற்று வரை இருத்தல் வேண்டும்.

2. காலை வீழ்ச்சியும் நண்பகல் ஏற்றமும் ஒரே கம்பியின் இரு குறைகள். ஒன்றைத் தீர்க்க மின்மாற்றியின் படியை மாற்றினால் மற்றையது பெருகும்.

3. புதிய மோட்டரோ சூரிய மின்தகடோ பொருத்துமுன், எந்த அவத்தையில் இணைப்பது என மின்வழங்கல் அலுவலகத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும். 5 கிலோவாற்றும் அதற்கு மேலும் பொருத்துவோர் மூவவத்தைக் கருவியைப் பற்றி ஆலோசித்தல் நன்று.

4. தனியே அன்றி, ஒரு மின்மாற்றியின் கீழுள்ள தோட்டக்காரர் யாவரும் அளவீடுகளோடு கூடி விண்ணப்பித்தல் வேண்டும்.

5. இறைப்பில் ஒரு பகுதியை வெயில் வேளைக்கு மாற்றுதல் வேண்டும். இறைக்கும் நீரின் அளவைக் கூட்டுதல் கூடாது.

6. மின்தடையின்போது இன்வேட்டர் நின்றே தீரவேண்டும். அதனை மாற்றியமைத்தாற் கம்பத்தில் வேலைசெய்யும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து.

இறைப்பு முறையை வகுத்தல், தொட்டியின் அளவு, சொட்டு நீர்ப்பாசனம் ஆகியன பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுதல் நன்று.